பாதையில நிக்கிற மூடை: மெசேஜ் சொஃப்ட்வெயர டெஸ்ட் பண்ண ஒரு ஃபிரேம்வேர்க் கட்டின கத

எங்கட அப்பா வயல் செஞ்சவர் இல்ல, வயல் செஞ்சவங்களுக்குக் கணக்கு எழுதினவர். மட்டக்களப்பு வாவிக்கு மேக்குக் கரையான படுவான்கரையில, மண்டூர்ப் பக்கத்து வட்டையில வேளாண்ம வெட்டி, சூடடிச்சி, மூடை கட்டி ஏத்துற இடத்துல ஒரு கொப்பியோட நிப்பார். வாவிக்கு இங்கால, எங்கட குருமண்வெளிப் பக்கம் மில்லடியில இன்னொருத்தர் இன்னொரு கொப்பியோட நிப்பார். நடுவுல பாதை. வெளியூர் ஆக்களுக்காகச் சொல்லுறன், எங்கட பக்கம் பாதை எண்டா றோட்டு மட்டுமில்ல, வாவியக் கடக்கிற அந்தத் தட்டப் படகுக்கும் பேர் பாதைதான், மோட்டார் சைக்கிள், பொட்டி பூட்டின லேண்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின் எல்லாம் அதுல ஏறித்தான் வரும். பொழுதுபடக்குள்ள ரெண்டு கொப்பியயும் கிட்ட வச்சி, ஏத்தினது எத்தின, வந்து சேந்தது எத்தின எண்டு பாப்பாங்க. சரியா வந்தா காசு கைமாறும். இல்லாட்டி அண்டைக்கி ராவைக்கி ஒருத்தருக்கும் நித்திர இல்ல.

எனக்கு அப்ப பன்னெண்டு வயசிருக்கும், ஒரு பெரும்போக வெட்டு நேரம். லேண்ட்மாஸ்டர் நாலு நடை வந்து போனது. அப்பாட கொப்பியில 62, மில்லுக்காரர்ர கொப்பியிலயும் 62, காசெல்லாம் குடுத்து முடிஞ்சி. அடுத்த நாள் வெள்ளண மண்டூர்த் துறையடியில கட வச்சிருந்தவர் முதல் பாதையில வந்து சொல்லுறார், "அண்ணன், உங்கட மூடை ஒண்டு மரத்துக்குக் கீழ கிடக்கு, ராவு மாடு பிச்சிப் போட்டிரிக்கு" எண்டு. அப்ப மில்லுக்கு வந்தது 61தான். அவர் எப்புடி 62 எழுதினார் எண்டு துருவிப் பாத்தா, கடைசி நடையில பொட்டியில ரெண்டு பக்கமும் நிண்டு இறக்கக்குள்ள ஒரே மூடைய ரெண்டு பேர் கூப்பிட்டுச் சொல்லி, ரெண்டு கோடு விழுந்திரிக்கு. ஒண்டு குறைஞ்சி ஒண்டு கூடினதால கணக்கு நேராயிட்டுது. அப்பா அண்டைக்கி ஒருத்தரையும் ஏசல்ல. மறுநாள்ல இருந்து ஒரு சிரட்டையில கறுப்புப் பெயின்ட்டும் நுனி சப்பின ஒரு வேப்பங்குச்சியும் கொண்டுபோய் மூடைக்கு மூடை நம்பர் எழுதத் தொடங்கினார். மில்லுக்காரர் கோடு போடக் கூடாது, மூடையில என்ன நம்பர் இரிக்கோ அதப் பாத்து எழுதணும்.

இருபது வருசத்துக்குப் புறகு அந்தப் பிழைய அப்புடியே நான் செஞ்சன்.

நான் இப்ப கொழும்புக் கொம்பனி ஒண்டுக்கு குருமண்வெளியில வீட்டுல இருந்து வேல செய்யிற டெஸ்டர். எங்கட சிஸ்டம் பத்துப் பதினஞ்சி சின்னச் சின்ன சேர்விசால ஆனது, ஓடர் எடுக்கிறது ஒண்டு, காசு வெட்டுறது ஒண்டு, ஸ்டொக் குறைக்கிறது ஒண்டு, எஸ்எம்எஸ் அனுப்புறது ஒண்டு. இதெல்லாம் ஒண்டோட ஒண்டு நேரடியா கதைக்கிறல்ல, மெசேஜ் எழுதி நடுவுல இரிக்கிற ப்ரோக்கர்கிட்ட குடுத்துட்டு தங்கட வேலையப் பாக்கும், எடுக்கிறவர் தனக்கு ஏலுமான நேரம் எடுப்பார். எங்கட நடு ஆள் காஃப்கா. லிங்க்ட்இன்ல கட்டி 2011ல எல்லாருக்கும் திறந்து விட்டது. அது ஒவ்வொரு மெசேஜையும் கடைசியில கடைசியில சேத்து எழுதிக்கொண்டே போகும், காஃப்காவுக்குள்ள கன ப்ரோக்கர் மெசின் ஓடும், அதுல ஒரு ப்ரோக்கர் தலைவர், மத்ததுகள் அவரப் பாத்துக் கொப்பியடிச்சி வச்சிக்கொள்ளும், தலைவர் விழுந்தா கொப்பி வச்சிருக்கிற இன்னொருத்தர் தலைவராகும்.

நான் எழுதின முதல் டெஸ்ட் இப்புடி. பத்தாயிரம் மெசேஜ் அனுப்பு, நடுவுல ஒரு ப்ரோக்கரக் கொல்லு, மத்தப் பக்கம் எண்ணிக்கொண்டிரு, பத்தாயிரம் வந்த உடன நிப்பாட்டிப் பச்ச காட்டு, அதாவது டெஸ்ட் பாஸ். மாசக்கணக்கா பச்சதான். மறுகா ஒரு நாள் நிசமான சேர்வர் ஒண்டு விழுந்து எழும்பினது, அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்ள வந்த முறைப்பாடெல்லாம் ரெண்டு வகை. கொஞ்சப் பேர்ர ஓடரக் காணல்ல. கொஞ்சப் பேருக்கு ரெண்டு தரம் காசு வெட்டியிரிக்கு.

ரெண்டும் எப்புடி ஒரே நேரம் வரும் எண்டு மூணு நாளா மண்டயப் போட்டு உடைச்சன். விளங்கினதுக்குப் புறகு அது லேசான விசயம். எங்கட பழைய செட்டிங்ல தலைவர் தன்ட கொப்பியில எழுதின உடனயே "கிடைச்சிட்டு" எண்டு பதில் சொல்லிருவார், மத்தவங்க கொப்பியடிக்கிற வரைக்கும் நிக்க மாட்டார். பதில் சொல்லிட்டு அந்த நொடியிலயே விழுந்தா அந்த மெசேஜ் ஒருத்தர்கிட்டயும் இல்ல. ஆனா அனுப்பினவர் குடுத்துட்டன் எண்டு நிம்மதியா இரிப்பார். அது காணாமப் போன கூட்டம். இன்னும் சில மெசேஜ எல்லாரும் எழுதி முடிச்சிரிப்பாங்க, "கிடைச்சிட்டு" எண்ட பதில் மட்டும் வாற வழியில அறுந்திரிக்கும், அனுப்பினவர் வரல்ல எண்டு நினைச்சி திரும்ப ஒருக்கா அனுப்புவார். அது ரெட்டிச்ச கூட்டம். ஒரே விழுகையில ரெண்டும் நடக்கும். என்ட டெஸ்ட் பத்தாயிரம் வந்த உடன நிப்பாட்டுற டெஸ்ட், அதால தொலைஞ்ச இடத்த ரெட்டிச்சது நிரப்பிப்போட்டுது, அதுக்கு மேல ரெட்டிச்சது வந்து நிண்டாலும் நான் பாக்கிறதே இல்ல. நான் மூடைய எண்ணியிரிக்கன், நம்பரப் பாக்கல்ல.

(காஃப்காட 3.0 வந்தது 2021ல. அதுல இருந்து எல்லாக் கொப்பியும் எழுதினாப் புறகுதான் பதில் எண்டதும், ஒரே அனுப்புனர் திரும்ப அனுப்பினா அடையாளம் கண்டு ஒதுக்குறதும் எடுத்த எடுப்பிலயே போட்டபடி வருது. ஆனா "எல்லாக் கொப்பியும்" எண்டா அந்த நேரம் கூடவே ஓடிக்கொண்டிருக்கிற கொப்பிகள் மட்டும்தான். குறைஞ்சது ரெண்டு கொப்பியாவது இரிக்கோணும் எண்டு வேறயா ஒரு செட்டிங் போடாட்டி, தலைவர் தனிச்சி நிண்டாலும் "எல்லாரும் எழுதிட்டம்" எண்டுதான் சொல்லுவார். நிறையப் பேர் இதுல விழுந்திரிக்காங்க, ஒருக்கா உங்கட செட்டிங்கப் பாத்துக்கொள்ளுங்க.)

அண்டைக்கி ராவே பழைய டெஸ்ட் எல்லாத்தையும் மூடி வச்சிட்டு புதுசா எழுதத் தொடங்கினன். ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் இல்லாம, நாளைக்கி ப்ரோக்கர மாத்தினாலும், வேற டீம் எடுத்தாலும் அப்புடியே பாவிக்க ஏலுமான ஒரு ஃபிரேம்வேர்க்.

முதல்ல கொப்பி. ஒவ்வொரு மெசேஜுக்குள்ளயும் நாலு விசயம் போகும்: இது எந்த ஓட்டம், ஆர் அனுப்பினது, அவர்ர எத்தனையாவது, உள்ள இரிக்கிற சாமானுக்கு ஒரு செக்சம், அதாவது உள்ள ஒரு எழுத்து மாறினாலும் காட்டிக் குடுக்கிற நம்பர். அனுப்புறதுக்கு முதல் கொப்பியில ஒரு வரி, பதில் வந்தாப் புறகு இன்னொரு வரி. வாங்குறவரும் தன்ட கொப்பியில வந்தது வந்தபடி எழுதுவார், ரெண்டு தரம் வந்தா ரெண்டு தரமும் எழுதுவார், புத்திசாலித்தனம் ஒண்டும் காட்டப்படாது. ஓட்டம் முடிஞ்சாப் புறகுதான் நியாயம் பேசுறது. "கிடைச்சிட்டு" எண்டு பதில் வந்த நம்பர் வாங்கினவர்ர கொப்பியில இல்லையா, அது தொலைஞ்சது. ஒரு நம்பர் ரெண்டு தரம் இரிக்கா, அது ரெட்டிச்சது. ஒரே அனுப்புனர்ர 41க்குப் புறகு 40 வந்திரிக்கா, ஒழுங்கு பிசகு. அனுப்பவே இல்லாத நம்பர் வந்திரிக்கா, அது பேய். பேய் வராது எண்டு நினைக்காதீங்க, முந்தின ஓட்டத்து மிச்சம் டொப்பிக்ல, அதாவது காஃப்கா மெசேஜ் சேத்து வைக்கிற இடத்துல, கிடந்து எனக்கு முதல் கிழமையே வந்தது, ஓட்ட நம்பர் உள்ள இரிந்தபடியால பிடிபட்டது.

இதுல நான் கூட நேரம் நிண்டது ஒரு சின்ன இடத்துல. அனுப்பினம், காத்திருக்கிற நேரம் முடிஞ்சி டைம்அவுட் ஆயிட்டுது, பதில் இல்ல. கொப்பியில என்ன எழுதுறது? முதல்ல தோத்தது எண்டு எழுதினன். அது பொய். டைம்அவுட் எண்டா தோத்துட்டு எண்டு அர்த்தம் இல்ல, என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியா எண்டுதான் அர்த்தம். மெசேஜ் அங்க போய்ச் சேந்து பதில் மட்டும் தொலைஞ்சிருக்கலாம், போகாமலே இரிக்கலாம், இன்னும் வழியிலயே நிக்கலாம். ஜெப்சன் எண்டு ஒரு டெஸ்ட் கருவி இரிக்கு, கைல் கிங்ஸ்பரி 2013ல இருந்து அத வச்சி பேர்பெற்ற டேட்டாபேசுகளயும் ப்ரோக்கர்களயும் ஒண்டொண்டா உடைச்சிக் காட்டிக்கொண்டு வாறார், அதுலயும் சரி, பிழை, தெரியா எண்டு மூணு நிலைதான். அத வாசிக்கக்குள்ள எனக்கு உடன நினைவு வந்தது அப்பாட கொப்பி. பொழுதுபட்டு, கடைசி நடை வாவி நடுவுல நிக்கக்குள்ள கணக்குப் பாக்க வேண்டி வந்தா, அந்த மூடைகளுக்கு நேர அவர் போனது எண்டும் எழுத மாட்டார், வந்தது எண்டும் எழுத மாட்டார், "பாதை" எண்டு எழுதுவார். என்ட கோட்லயும் அந்த நிலைக்குப் பேர் பாதைதான். கொழும்பு டீம்ல ஒரு சிங்கள நண்பன் இது என்ன சொல்லு எண்டு கேட்டான், விளங்கப்படுத்தினன், இப்ப அவனும் "இண்டைக்கி பாதையில எத்தின?" எண்டுதான் கேக்கிறது.

பாதையில நிண்ட மெசேஜ் வந்தாலும் பிழை இல்ல, வராட்டியும் பிழை இல்ல. பதில் சொல்லி ஏத்துக்கொண்டது வராட்டித்தான் பிழை. இந்த ஒரு வித்தியாசம் இல்லாம எழுதின டெஸ்ட் ஒண்டில் சும்மா சும்மா சிவக்கும், இல்லாட்டி சிவக்க வேண்டிய இடத்துல பச்சயா நிக்கும்.

ரெண்டாவது, குழப்படிக்காரன். இது ஒரு தனி புரோக்ராம், இதுட வேலையே ஓட்டம் ஓடக்குள்ள குழப்புறது. ப்ரோக்கரக் கொல்லும், நெட்வேர்க்க அறுக்கும், லினக்ஸ்ல இரிக்கிற நெட்எம் எண்ட வசதிய வச்சி நெட்வேர்க்ல போற தரவுத் துண்டுகளான பக்கெட்டுகளச் சுணக்கும், ஒரு பக்கம் மட்டும் அறுக்கும், அதாவது இவர் சொல்லுறது அவருக்குக் கேக்கும், அவர் சொல்லுறது இவருக்குக் கேக்கா. இந்தப் பாதி அறுந்த நிலைதான் முழுசா அறுந்தத விட கரச்சல் குடுக்கும்.

ஆனா எனக்குப் பெரிய பாடம் தந்த குழப்படிய நான் கண்டுபிடிக்கல்ல, கரண்ட் கட் கண்டுபிடிச்சித் தந்தது. 2022 மார்ச் கடைசி ஞாபகம் இரிக்கும்தானே, நாளைக்கி 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல. ஒரு நாள் என்ட லப்டொப்ல ஒரு கொன்ஸ்யூமர், அதாவது மெசேஜ் வாங்குற புரோக்ராம், ஓடிக்கொண்டிரிக்கு, ப்ரோக்கர்கள் எல்லாம் தூரத்து சேர்வர்ல. கரண்ட் போய், பெட்டறி இறங்கி, லப்டொப் நித்திரைக்குப் போயிட்டுது. கரண்ட் வந்தாப் புறகு திறந்தன். எல்லாம் விட்ட இடத்துல இருந்து அப்புடியே ஓடினது. சந்தோசமா இருந்தன். பின்னேரம் டேட்டாபேசப் பாத்தா ஒரே ஓடர் ரெண்டு தரம் எழுதியிரிக்கு.

நடந்தது இதுதான். கொன்ஸ்யூமர்ட நாடித்துடிப்பு 45 செக்கன் கேக்காட்டி இவர் செத்துட்டார் எண்டு காஃப்கா முடிவெடுத்து அவர்ர பங்க வேறொருத்தருக்குக் குடுத்துரும். அந்தப் புது ஆள் முதல்ல இருந்து அந்த மெசேஜ எடுத்து டேட்டாபேஸ்ல எழுதி முடிச்சிட்டார். மறுகா எங்கட ஆள் எழும்புறார். தான் தூங்கினதே அவருக்குத் தெரியா. கையில பாதி முடிச்ச மெசேஜ் இரிக்கு, அதயும் டேட்டாபேஸ்ல எழுதிட்டு, நான் முடிச்சிட்டன் எண்டு காஃப்காகிட்ட சொல்லப் போறார். காஃப்கா நீ இப்ப இந்தக் கூட்டத்துலயே இல்ல எண்டு திருப்பி விடும், அது சரியாத்தான் செய்யும். ஆனா டேட்டாபேஸ்ல எழுதினது எழுதினதுதான், அத காஃப்காவால அழிக்க ஏலா. ஒருக்கா மட்டும்தான் எண்டு ஒரு ப்ரோக்கர் தாற வாக்கு அந்த ப்ரோக்கர்ட வேலி வரைக்கும்தான். வேலிக்கு வெளிய நம்மதான் மெசேஜ் நம்பர டேட்டாபேஸ்லயும் எழுதி, ஒரே நம்பர் ரெண்டாம் தரம் வந்தா ஏத்துக்கொள்ளாத மாதிரிக் கட்டோணும்.

அதுவரைக்கும் நான் ஆக்களக் கொன்னு கொன்னுதான் டெஸ்ட் செஞ்சன். செத்தவர் திரும்பி வந்து பழைய வேலையச் செய்ய மாட்டார். தூங்கி எழும்புறவர் செய்வார். புரோக்ராம்கள கொன்டெய்னர் எண்ட தனித்தனிப் பொட்டிக்குள்ள ஓட்டுற கருவிதான் டொக்கர், அடுத்த நாளே குழப்படிக்காரனுக்கு அதுட போஸ் கொமாண்டப் பழக்கினன், கொன்டெய்னர அப்புடியே உறைய வச்சி ஒரு நிமிசம் கழிச்சி விடும். அந்த ஒரு குழப்படி பிடிச்ச பிழைகள் மத்த எல்லாத்தயும் விடக் கூட.

குழப்படிக்காரனுக்கு ரெண்டு கண்டிப்பு. என்ன செஞ்சாலும் நேரத்தோட அதே கொப்பியில எழுதோணும், இல்லாட்டி 4127ம் நம்பர் தொலைஞ்சது எண்டு தெரிஞ்சாலும் அந்த நேரம் என்ன நடந்து கொண்டிருந்தது எண்டு தெரியா. மத்தது, டெஸ்ட் நடுவுல உடைஞ்சி விழுந்தாலும் தான் செஞ்ச குழப்பத்த எடுத்துட்டுத்தான் போகோணும். ஒருக்கா நான் போட்ட சுணக்கத்த எடுக்க அயத்துப் போய், பொதுவா பாவிக்கிற டெஸ்ட் சேர்வர் அடுத்த நாள் பூரா இழுத்துக்கொண்டு கிடந்தது, ஒம்பது பேர்ர ஒரு நாள் வேல வீண். அண்டையில இருந்து, குழப்பம் எல்லாம் எடுபட்டுட்டா எண்டு பாக்காம அடுத்த ஓட்டம் தொடங்காது.

இதயெல்லாம் ஓட்டிப் பாக்க பெரிய சேர்வர்க் கூட்டம் வேணும் எண்டு கனபேர் நினைக்கிற. நானும் நினைச்சன், கொம்பனிகிட்ட காசு கேக்கலாம் எண்டு ஒரு கடிதம் கூட எழுதி வச்சிருந்தன். அப்பதான் 2014ல டொராண்டோ பல்கலைக்கழக ஆக்கள் செஞ்ச ஒரு ஆய்வு கண்ணுல பட்டது. கசான்ட்ரா, எச்பேஸ், எச்டிஎஃப்எஸ், மேப்ரெடியூஸ், ரெடிஸ் எண்டு கன மெசின்ல தரவு வைக்கிற, கையாளுற அஞ்சி சிஸ்டத்துல நிசமா நடந்த 198 விழுகைகள எடுத்துப் பாத்திரிக்காங்க. அதுல 98 வீதம் மூணு மெசின், இல்லாட்டி அதுக்கும் குறைய வச்சே திரும்ப நடத்திக் காட்ட ஏலுமானது. அதோட, பெருஞ்சேதம் செஞ்ச விழுகைகள்ல 92 வீதம், சொஃப்ட்வெயரே வாயால "பிழை" எண்டு சொன்ன சின்னப் பிழைகள சரியாக் கையாளாததால வந்தது. கடிதத்தக் கிழிச்சிப் போட்டுட்டு, என்ட லப்டொப்ல மூணு கொன்டெய்னர் போட்டன். இப்பயும் அந்த மூணுதான்.

அடுத்தது காத்திருக்கிறது. பழைய டெஸ்ட்ல எங்க பாத்தாலும் அஞ்சி செக்கன் தூங்கு, பத்து செக்கன் தூங்கு எண்டு எழுதியிருந்தன். கொழும்பு சேர்வர்ல பச்ச, வீட்டுல சிவப்பு. கூட்டினா ரெண்டுலயும் பச்ச, ஆனா எல்லாம் ஓடி முடிய ஒரு மணித்தியாலம். இது எனக்கு மட்டும் வந்த வருத்தம் இல்ல, அப்பாச்சி எண்ட திறந்த மூல அமைப்புட புரொஜெக்டுகள்ல ஒரு நேரம் பச்சயாவும் ஒரு நேரம் சிவப்பாவும் ஆடுற டெஸ்டுகளத் திருத்தின 201 திருத்தங்கள 2014ல ஆராய்ஞ்சவங்க, அதுல காரணம் வகைப்படுத்தின 161ல கிட்டத்தட்ட 45 வீதத்துக்குக் காரணம் இப்புடிச் சரியாக் காத்திருக்காததுதான் எண்டு கண்டிரிக்காங்க. புது ஃபிரேம்வேர்க்ல தூங்கு எண்ட கொமாண்டே இல்ல. தலைவர் மாறின அறிகுறி தெரியிற வரைக்கும் நில்லு, ஆனா ரெண்டு நிமிசத்துக்கு மேல நில்லாத எண்டுதான் எழுத ஏலும். ரெண்டு நிமிசம் தாண்டினா, கடைசியா என்ன நிலையில பாத்தன் எண்டதயும் சேத்து எழுதிட்டு விழும். சும்மா "டைம்அவுட்" எண்டு மட்டும் எழுதுற டெஸ்டால ஒரு பிரயோசனமும் இல்ல.

இதுக்கெல்லாம் முதலே செஞ்சிருக்க வேண்டிய ஒண்ட கடைசியாத்தான் செஞ்சன். கள்ள ப்ரோக்கர். மெமரிக்குள்ள மட்டும் ஓடுற ஒரு சின்னப் பொய் ப்ரோக்கர், இருநூறு வரி கூட இல்ல, வேணுமெண்டே களவெடுக்கும். ஆயிரத்துக்கு ஒண்ட விழுங்கும், சொன்னா ஒண்ட ரெட்டிக்கும், ரெண்ட இடம் மாத்தும், உள்ள இரிக்கிறதுல ஒரு எழுத்த மாத்தும், "கிடைச்சிட்டு" எண்டு பொய் சொல்லும். ஃபிரேம்வேர்க்ல என்ன மாத்தினாலும் முதல்ல இந்தக் கள்ளனுக்கு எதிரா ஓடோணும், ஒவ்வொரு களவயும் பேர் சொல்லிப் பிடிக்கோணும். முதல் தரம் ஓட விட்டப்ப அஞ்சுல மூணதான் பிடிச்சது. ரெட்டிப்ப விட்டுட்டுது, ஏனெண்டா வாங்குற பக்கம் நான் கொப்பிய செட் எண்ட வகையில வச்சிருந்தன், செட் எண்டா ஒரே சாமான் ரெண்டு தரம் போட்டாலும் ஒண்டுதானே நிக்கும். எழுத்து மாறினதயும் விட்டுட்டுது, செக்சம் கூட்டி அனுப்பினன், வந்த பக்கம் ஒப்பிட்டுப் பாக்கிற வரி இல்ல. ஒருத்தரும் களவெடுக்காட்டி இந்த ரெண்டு ஓட்டையும் எனக்கு எண்டைக்கும் தெரிய வந்திரா. ஒரு நாளும் சிவக்காத டெஸ்டக் கண்டா எனக்கு இப்ப பயம்தான் வாற.

இனி, திரும்பப் பாவிக்க ஏலும் எண்டு சொன்னதுட கத. கொம்பனியில கேட்டு இந்தப் பகுதிய மட்டும் வெளிய விட அனுமதி எடுத்தன். சம்மாந்துறையில இருந்து ஒரு தங்கச்சி, ஒலுவில் கெம்பஸ்ல கடைசி வருசம், வயல் வாய்க்கால்ல தண்ணி மட்டம் பாக்கிற சென்சர்கள வச்சி ஒரு புரொஜெக்ட் செய்யிறா. சென்சர் கதைக்கிறது எம்கியூடிடி, சின்னக் கருவிகள் மெசேஜ் அனுப்ப எண்டு இரிக்கிற ஒரு முறை. "அண்ணா, உங்கட சாமான எனக்குப் பாவிக்க ஏலுமா?" எண்டு கேட்டா. எனக்கு நல்ல நம்பிக்க. ப்ரோக்கரத் தொடுற இடத்த ஒரு மெல்லிய அடப்டரா ஒதுக்கி வச்சிரிக்கன், திற, அனுப்பு, வாங்கு, வாங்கினன் எண்டு சொல்லு, மூடு, அஞ்சே அஞ்சு வேல. அத எம்கியூடிடிக்கு எழுதினாப் போதும் எண்டன். அவ ஒரு பின்னேரத்துல எழுதி முடிச்சிட்டா. ஓட விட்டா முழுக்கச் சிவப்பு.

"அண்ணா, ஒரு மெசேஜும் வரல்ல எண்டு சொல்லுது. ஆனா நான் வேற ஸ்கிரீன்ல பாக்கன், வந்துகொண்டுதான் இரிக்கு."

ராவு பத்து மணி வரைக்கும் ரெண்டு பேரும் ஃபோன்ல நிண்டம். பிழை அவட அடப்டர்ல இல்ல, என்ட தலைக்குள்ள. என்ட ஃபிரேம்வேர்க் முதல்ல அனுப்புறவரத் தொடங்கும், புறகுதான் வாங்குறவர. காஃப்காவுல அது பிரச்சினையே இல்ல, சுணங்கி வந்தவரும் முதல்ல இருந்து வாசிக்கலாம். எம்கியூடிடில அப்புடி இல்ல, முன்கூட்டியே வந்து பேர் குடுத்து வைக்காட்டி, வர முதல் போன மெசேஜ் போனதுதான். அது பிறந்த காரணமே வேற, 1999ல அன்டி ஸ்டன்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் எண்ட ரெண்டு பேர் எண்ணெய்க் குழாய்கள சட்டலைட் வழியாக் கண்காணிக்க எண்டு செஞ்சது, லைன் செலவு கூட, கருவி சின்னன், அதால அளந்து அளந்து அனுப்புறது. அதுல வாக்கும் மூணு தரநிலை. சுழியம் எண்டா போனாப் போகுது, வந்தா வரட்டும். ஒண்டு எண்டா கட்டாயம் வரும், ரெட்டிக்கலாம். ரெண்டு எண்டா ஒரே ஒருக்கா. அவட சென்சர் பாவிச்சது சுழியம். தொலையப்படாது எண்டு வாக்கே குடுக்காதவர்கிட்டப் போய் ஏன் தொலைச்சாய் எண்டு கேட்டுக்கொண்டு நிண்டிரிக்கன்.

அடப்டர மாத்தினாப் போதும் எண்டு நான் நினைச்சது அந்த ராவோட உடைஞ்சி. காஃப்காட குணம் எல்லாம் எனக்குத் தெரியாமலே ஃபிரேம்வேர்க் முழுக்கப் பரவியிருந்தது. அடுத்த ரெண்டு கிழமையும் அதத் தோண்டி எடுத்துத்தான் செலவு. இப்ப ஒவ்வொரு அடப்டரும் வரக்குள்ள தன்ட வாக்குகளயும் எழுதிக்கொண்டு வரோணும். தொலைக்க மாட்டன். ரெட்டிக்க மாட்டன். ஒரு வரிசைக்குள்ள ஒழுங்கு மாத்த மாட்டன். சுணங்கி வந்தாலும் பழச தருவன். குடுத்த வாக்க மட்டும்தான் ஃபிரேம்வேர்க் கேள்வி கேக்கும், குடுக்காத வாக்குக்கு எத்தின மீறல் எண்டு எண்ணிச் சொல்லும், சிவப்புக் காட்டாது. காஃப்கா ஒரு டொப்பிக்கப் பிரிச்சி வைக்கிற துண்டுக்குப் பேர் பார்ட்டிஷன், அதுட ஒழுங்கு ஒரு பார்ட்டிஷனுக்குள்ள மட்டும்தான். ரெபிட்எம்கியூ எண்ட இன்னொரு ப்ரோக்கர்ல ஒரு கியூவ, அதாவது மெசேஜ் வரிசைய, ரெண்டு மூணு பேர் பகிர்ந்து வாங்கினா, ஒருத்தர் முடிக்காமத் திருப்பிப் போட்ட மெசேஜ் மத்தவங்களுக்குப் புறகு வரலாம். இதெல்லாம் இப்ப அந்தந்த அடப்டர்ட வாக்குமூலத்துல வெளிச்சமா எழுதியிரிக்கு. புதுசா டீமுக்கு வாற பொடியன்மார் ப்ரோக்கரப் பத்தி முதல்ல வாசிக்கிறதே அந்த அஞ்சாறு வரியத்தான்.

தங்கச்சி ஒழுங்கா முன்கூட்டியே பேர் குடுத்து, சென்சர ஒண்டாம் தரத்துக்கு மாத்தி ஓட்டினா. தொலைஞ்சது ஒண்டும் இல்ல, ரெட்டிச்சது பதினேழு. தண்ணி மட்டம் ரெண்டு தரம் வந்தா ஒரு குறையும் இல்ல எண்டு அவவே சொன்னா, அது சரிதான், ஒரே அளவ ரெண்டு தரம் எழுதினா வாய்க்கால் நிறையாதுதானே.

இன்னும் முடியாத வேல இரிக்கு. எந்த நேரம் எந்தக் குழப்படி எண்டது ஒரு சீட் நம்பர்ல, அதாவது தற்செயல் வரிசையத் தொடக்கி விடுற நம்பர்ல, இருந்துதான் வாற, அத லொக்ல எழுதுறபடியால அதே வரிசையத் திரும்ப நடத்த ஏலும், ஆனா ஒப்பரேட்டிங் சிஸ்டம் புரோக்ராமுக்குள்ள சேந்து ஓடுற வேலைகள்ல, அதாவது த்ரெட்டுகள்ல, எத எப்ப ஓட விடும் எண்டது என்ட கையில இல்ல, அதால அதே சீட் போட்டாலும் பத்துக்கு நாலு தரம்தான் அதே பிழை வரும். ஃபவுண்டேஷன்டிபி எண்ட டேட்டாபேசச் செஞ்சவங்க நெட்வேர்க், டிஸ்க், நேரம் எல்லாத்தையும் ஒரே ப்ரொசெஸ்ஸுக்குள்ள போலியாக் கட்டி, அதே சீட்டுக்கு அதே பிழை அச்சொட்டா வாற மாதிரி வச்சிரிக்காங்க. அதுக்கு சிஸ்டத்தயே தொடக்கத்துல இருந்து அப்புடி எழுதோணும், ஆக்கள்ர ப்ரோக்கர வாங்கி டெஸ்ட் பண்ற எங்களுக்கு அது வாய்க்காது. பத்துக்கு நாலு வந்தாலும் பிடிக்கிறதுதான். மணிக்கூட்ட முன்ன பின்ன தள்ளுற குழப்படியும் இன்னும் எழுதல்ல.

போன கிழம அப்பா விறாந்தையில என்ட பக்கத்துக் கதிரையில வந்து இருந்தார். கண் இப்ப அவ்வளவு தெளிவில்ல, ஆனா ஸ்கிரீன்ல தமிழ் எழுத்தக் கண்டா வாசிக்கப் பாப்பார். ஓட்டம் முடிஞ்சி முடிவு வந்து நிக்கிது, அனுப்பினது 10,000, ஏத்துக்கொண்டது 9,993, பாதை 7.

"அந்த ஏழும் மறுகா வந்து சேந்ததா மனே?"

"அஞ்சி வந்திட்டு அப்பா. ரெண்டு வரல்ல."

"நம்பர் தெரியுமா?"

தெரியும் எண்டு கீழ இறக்கிக் காட்டினன். 6204, 6209. விரல ஸ்கிரீன்ல வச்சி ரெண்டயும் வாசிச்சார்.

"அப்ப அந்த ரெண்டயும் திரும்ப ஏத்தச் சொல்லு" எண்டுட்டு தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போனார்.